கடல் தாண்டாத குடியேற்றம்

சென்னையிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் பிரயாணம் செய்கிறவர்களுக்குக் காட்பாடியைக் கடந்தது முதல் பாலாறு நெடுந்தூரம் வழித்துணையாக வருகிறது. ஆறு என்று சொல்வது மரியாதைக்காகத்தான், வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் அது வெறும் மணல் விரிப்பாகவே கிடக்கிறது. குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று அதன் பக்கத்து ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னே போக, ஜோலார்ப்பேட்டைக்கு அப்பால் வண்டி மேட்டில் ஏறத் தொடங்கி, குப்பத்தைத் தாண்டி, மைசூர்ப் பீடபூமியின் மேல் பங்காருப்பேட்டையில் வந்து நிற்கிறது. அங்கே ஒரு கிளைப்பாதை பிரிகிறது. 1894-இல் போடப்பட்ட இச்சிறு பாதை, ஊருக்கும் ஊருக்கும் உறவு உண்டாக்குவதற்காகப் போடப்பட்டதன்று. யந்திரங்களையும் நிலக்கரியையும் மரத்தையும் ஆட்களையும் உள்ளே கொண்டு போவதற்கும், தங்கத்தை வெளியே கொண்டு வருவதற்குமாகப் போடப்பட்டது. கோரமண்டல், ஊரிகாம், சாம்பியன் என்று சுரங்கங்களின் பெயரையே நிலையங்களின் பெயராகத் தாங்கிக்கொண்டு செல்லும் அப்பாதை மாரிக்குப்பத்தில் முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. பூமிக்குள் இறங்கும் துவாரங்கள்தாம் இருந்தன. இப்போது அவற்றிலும் தண்ணீர் நிரம்பியிருக்கிறது.

கோலார் தங்கவயலைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வெகு நாட்களாக இருந்ததுண்டு. ஆனால் அந்த எண்ணத்தைப் பிரயாணமாக மாற்றியது, வேறொரு தேசத்தாரின் விருத்தாந்தம். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், யூட்டா, கொலராடோ முதலிய மலைப் பிரதேசங்களில், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் குடியேறிய கிரேக்கர்களைப் பற்றி ஹெலன் பாப்பனிகோலஸ் என்ற அம்மையார் எழுதியவற்றை வாசித்துக்கொண்டிருந்தேன். அவரே அப்படிக் குடியேறிய ஒரு குடும்பத்தில் பிறந்தவர். தாமிரச் சுரங்கத்திலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைக்க வந்த எழுத்தறியாத கிரேக்க இளைஞர்கள் எந்தக் கிராமத்திலிருந்து எதற்காக வந்தார்கள், எவனிடம் கடன்பட்டார்கள், எந்த வெடிவிபத்தில் மாண்டார்கள் என்பதையெல்லாம் அவர் தம் வீட்டுக் கணக்கைப் போல அறிந்து எழுதியிருந்தார். படிக்கப் படிக்க எனக்கு நம்மவர்களின் நினைவு வந்தது. மலேயாவுக்கும் இலங்கைக்கும் பர்மாவுக்கும் நேட்டாலுக்கும் பீஜித் தீவுக்கும் போன தமிழர்களைப் பற்றி நாம் எவ்வளவோ எழுதியிருக்கிறோம், அழுதுமிருக்கிறோம். ஆனால் வட ஆற்காட்டு ஜில்லாவிலிருந்து கால்நடையாகவே போய்ச் சேரக்கூடிய ஓரிடத்தில், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, ஒரு நகரத்தையே உண்டாக்கி வாழ்ந்த பல்லாயிரம் தமிழர்களின் கதையைக் குடியேற்றச் சரித்திரம் என்று நாம் எண்ணியதே இல்லை. காரணம் மிகவும் எளியது. அவர்கள் கடல் தாண்டவில்லை. கப்பல் இல்லாத குடியேற்றம் நம் கணக்கில் குடியேற்றமாகப் பதிவாவதில்லை.

யவனர் என்ற பெயரால் கிரேக்கரையும் ரோமரையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதும், அவர்களுடைய மரக்கலங்கள் முசிறித் துறைமுகத்துக்குப் பொன்னைக் கொண்டுவந்து மிளகை ஏற்றிச் சென்றன என்பதும், புகார் நகரத்தில் அவர்களுக்குத் தனி இருப்பிடங்கள் இருந்தன என்பதும் சங்க நூல்களையும் சிலப்பதிகாரத்தையும் படித்தவர்களுக்குத் தெரிந்த சங்கதிகள். அக்காலத்தில் பொன் மேற்கிலிருந்து இங்கே வந்தது. இந்தியாவுக்கு இப்படிப் பொன் ஒழுகுகிறதே என்று ரோமாபுரியில் பிளினி அங்கலாய்த்துக்கொண்டார். தங்கவயலில் நடந்ததோ அதற்கு நேர்மாறு. இங்கே வெட்டி எடுக்கப்பட்ட பொன் லண்டனுக்குச் சென்றது. அதை வெட்டியவர்களின் சந்ததியார் இங்கேயே இருக்கிறார்கள். பிளினியைப் போல அங்கலாய்த்து எழுதிவைக்க நமக்கு ஒருவர் வாய்க்கவில்லை.

தங்கம் இருக்கும் செய்தி ஒன்றும் ரகசியமாக இருந்ததில்லை. 1802-இல் மைசூர் ராஜ்யத்தின் எல்லையை அளந்துகொண்டிருந்த ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி, இப்பக்கத்துக் கிராம ஜனங்கள் மண்ணை அரித்துப் பொன் துகள் எடுப்பதைக் கேள்விப்பட்டு, நேரிலும் பார்த்து, அறிக்கை எழுதினார். அந்த அறிக்கை பல்லாண்டுகள் காகிதமாகவே இருந்தது. பின்பு, நியூஸிலாந்தில் மாவோரிகளோடு நடந்த யுத்தத்தில் பங்கெடுத்துவிட்டுப் பெங்களூரில் வந்து தங்கிய லவெல் என்ற அயர்லாந்துக்காரர் அதைப் படித்துவிட்டு, மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கோலாருக்குப் புறப்பட்டார். 1873-இல் அவர் மைசூர் அரசாங்கத்துக்கு மனுச் செய்தார்; 1875-இல் உரிமை கிடைத்தது. பெங்களூரில் ஒரு வீதிக்கு அவருடைய பெயர் கிடைத்தது. உரிமை கைமாறி, 1880-இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்டு ஸன்ஸ் என்ற கம்பெனி நிர்வாகத்தை ஏற்றுக்கொண்ட பின்னர்தான், கைப்பணம் கரைந்து கடையைக் கட்டிவிடலாமா என்று பங்குதாரர்கள் யோசித்துக்கொண்டிருந்த தறுவாயில், பொன்வளம் மிகுந்த பாறை அடுக்கு அகப்பட்டது. அதன் பிறகு எண்பது வருஷம் போலத் தங்கவயல் என்றால் டெய்லர் கம்பெனி, டெய்லர் கம்பெனி என்றால் தங்கவயல்.

டெய்லர் குடும்பத்தாருக்கு இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் இருக்கும் கார்ன்வாலில் பரம்பரையாகச் சுரங்கத் தொடர்பு உண்டு. அந்தச் சீமையில் தாமிரமும் வெள்ளீயமும் வெட்டுவதே தொழில். 1866-இல் தாமிரத்தின் விலை சரிந்து சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட, கார்ன்வால்காரன் தன் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு உலகம் முழுவதும் புறப்பட்டான். மெக்ஸிகோ, தென் ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா என்று எங்கெங்கே பூமியில் துவாரம் போடப்பட்டதோ அங்கெல்லாம் அவன் இருந்தான், இங்கும் வந்தான். ‘கேப்டன்’ என்பது இங்கே பட்டாளத்துப் பதவியன்று. கார்ன்வாலில் சுரங்க மேலாளுக்கு வழங்கும் பட்டம். அந்தப் பட்டமும் அவனோடு கப்பலேறி வந்து இங்கே நிலைத்தது. மெதடிஸ்ட் கோவிலும் பாட்டும் கால்பந்தும் கூடவே வந்தன. இத்தாலியர்களும் ஒரு தொகையாக வந்து சேர்ந்தனர். ஆங்கிலோ-இந்தியர்கள் யந்திரசாலையிலும் ஆபீஸிலும் அமர்ந்தனர். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில் இருக்கும் இவ்விடத்தின் சீதோஷ்ணம் அவர்களுக்கு ஒத்துக்கொண்டது. கிளப்பும் நடன மண்டபமும் தோட்டம் சூழ்ந்த பங்களாக்களும் உண்டாயின. ‘குட்டி இங்கிலாந்து’ என்று அக்காலத்தில் வழங்கிய பெயரை இங்குள்ளவர்கள் இன்றும் சிறிது பெருமையோடுதான் சொல்லுகிறார்கள். அந்தக் குட்டி இங்கிலாந்தின் வேலிக்கு அப்பால் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அதே பெருமையோடு சொல்லுவதுதான் எனக்கு விநோதமாக இருந்தது.

வேலிக்கு அப்பால் இருந்தவர்கள் எவ்வாறு வந்தார்கள்? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பாழாக்கிய தாது வருஷப் பஞ்சத்தை இன்னும் நம் பக்கத்துப் பாட்டிமார்கள் வாய்வழியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பஞ்சம் ஓய்ந்த சில வருஷங்களுக்குள்தான் தங்கவயலில் ஆள் தேவைப்பட்டது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்தும் ஜனங்கள் வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் ஆதி திராவிடர்கள். கிராமத்தில் மிராசுதாரின் படியாளாக, கூலி தானியமாகவும் வசவு இனாமாகவும் கிடைக்க, தலைமுறை தலைமுறையாக அடங்கிக் கிடந்தவர்கள். தங்கவயலில் கூலி காசாகக் கிடைத்தது. குறைந்த காசுதான். ஆனால் மாதச் சம்பளத்தை எண்ணி வாங்கும் கைக்கு எதிரே மேல்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கும் அவசியம் குறைந்தது. பூமிக்கு மேலே அவர்களுக்கு மறுக்கப்பட்ட ஒரு சமத்துவம், பூமிக்குக் கீழே ஆயிரமாயிரம் அடி ஆழத்தில் அரைகுறையாகவேனும் கிட்டியது என்று சொன்னால் அது மிகையாகாது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் இங்கே வேலை செய்தவர்களின் தொகை முப்பதினாயிரத்தைத் தாண்டியிருந்தது.

இதிலே ஒரு விசேஷம் உண்டு. தங்கவயலின் குடிநீர் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வந்தது; அந்த ஏரியில் தேங்குவது பாலாற்றின் நீர். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்துக்கொண்டிருந்த மக்கள், பிழைப்புக்காக மேட்டில் ஏறி வந்து, அதே ஆற்றின் தண்ணீரைக் கம்பெனிக் குழாயில் பிடித்துக் குடித்தார்கள்.

கிரேக்க இளைஞனை ஊரைவிட்டு விரட்டியதும் இதுபோன்ற ஒரு வீழ்ச்சிதான். பெலப்பொனீஸ் பிரதேசத்து விவசாயிகள் தம் நிலமெல்லாம் உலர்திராட்சைக்கென்று கொடி நட்டு வைத்திருந்தனர். 1893-ஐ ஒட்டி அதன் விலை தரைமட்டமாயிற்று. சகோதரிகளுக்குச் சீதனம் சேர்க்க வேண்டும், அடமானத்தை மீட்க வேண்டும் என்று ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கப்பலேறினார்கள். இரண்டொரு வருஷத்தில் சம்பாதித்துத் திரும்பிவிடலாம் என்பதுதான் அவர்கள் எண்ணம். பலர் திரும்பியும் இருக்கிறார்கள். தங்கவயலுக்கு வந்தவர்களும் முதலில் அப்படித்தான் அறுப்புக் காலத்தில் ஊருக்குப் போவதும், வேலையற்ற காலத்தில் வருவதுமாக இருந்தனர். யூட்டாவில் கிரேக்கத் தொழிலாளிகளை வேலைக்குச் சேர்த்துவிடுவதற்கு லியோனிடாஸ் ஸ்க்லிரிஸ் என்றொரு தரகன் இருந்தான்; அவனும் கிரேக்கனே. வேலை வேண்டுமென்றால் அவனுக்குக் காணிக்கை கட்ட வேண்டும், சம்பளத்தில் அவனுக்குப் பங்கு போக வேண்டும். அவன் மட்டும் ஸால்ட் லேக் நகரத்தின் பெரிய ஹோட்டலில் ராஜபோகமாக வாழ்ந்தான். 1912-இல் பிங்ஹாம் தாமிரச் சுரங்கத்தில் நடந்த வேலைநிறுத்தத்தில் கிரீட் தீவுக்காரர்கள் முன்வைத்த முக்கியமான கோரிக்கை அவனை விலக்க வேண்டும் என்பதுதான். விலகினான்.

மேஸ்திரி என்றும் கண்டிராக்டர் என்றும் தங்கவயலில் அறியப்பட்டவர்களின் குணாதிசயங்களும் இவையே. முன்பணம் கொடுத்து ஊரிலிருந்து ஆளைக் கூட்டி வருவதும், அந்த முன்பணம் என்றும் தீராதபடி பார்த்துக்கொள்வதும், கம்பெனிக்கும் கூலிக்காரனுக்கும் நடுவே நின்று இரண்டு பக்கமும் கை நீட்டுவதும் அவர்கள் தொழில். இலங்கைத் தோட்டத்துக் கங்காணியை நமக்கு நன்றாகத் தெரியும். அவனுடைய தம்பி இங்கே மேஸ்திரியாக இருந்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

சாம்பியன் நிலையத்தில் இறங்கி நடந்தபோது எனக்கு வழிகாட்டியாக வாய்த்தவர், அண்டர்கிரவுண்டில் டிம்பர்மேனாக வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவர். வெட்டிய இடத்தில் மேற்பாறை சரிந்துவிடாமல் மரங்களை அடுக்கித் தாங்கல் கொடுக்கிறவனுக்கு டிம்பர்மேன் என்று பெயர். பேச்சுக்கு நடுவே இரும வேண்டியிருந்தது அவருக்கு. சுரங்கத் தூசியால் உண்டாகும் நுரையீரல் நோய் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. அவர் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். ‘லைன்’ என்று சொல்லப்படும் வரிசை வீடுகளில் ஒன்று அது. தொடக்கத்தில் மூங்கில் தட்டிகளால் கட்டப்பட்ட குடிசைகளாக இருந்த லைன்களில் பிறகு சுவர் எழும்பியது, தகரமோ கல்நார் ஓடோ கூரையாயிற்று. தலை குனியாமல் நுழைய முடியாத வாசல். உள்ளே ஓர் அறை. பின்னால் சமையலுக்கென்று ஒரு சார்ப்பு. அந்த ஒற்றை அறையின் சுவரில் புத்தர், அம்பேத்கர், வேளாங்கண்ணி மாதா ஆகிய மூவரும் பக்கம் பக்கமாக இருந்தனர். அவர்களுக்குக் கீழே ஆணியில் ஒரு பித்தளைப் பில்லை தொங்கியது. ஓரம் தேய்ந்து, நடுவில் எண் பொறிக்கப்பட்ட அந்தப் பில்லையைக் கொடுத்துவிட்டுத்தான் கேஜ் என்னும் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்க வேண்டியிருந்தது. ஷிப்டு முடிந்த பிறகும் பில்லைப் பலகையில் எவனுடைய எண் எஞ்சியிருக்கிறதோ அவன் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம்.

“சாம்பியன்ல ரொம்ப ஆழம் சார்,” என்றார் பெரியவர். “கீழ போகப் போக பாறையே கொதிக்கும். கையை வெச்சா வெக்க முடியாது.”

அவர் சொன்னதில் கற்பனை இல்லை. சாம்பியன் ரீப் சுரங்கம் 3,200 மீட்டர் ஆழத்துக்கு மேல் சென்றது. உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்று. அந்த அடித்தளத்தில் பாறையின் உஷ்ணம் 60 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டிவிடும். குளிரூட்டிய காற்றை மேலிருந்து செலுத்தித்தான் மனிதன் மூச்சுவிட முடிந்தது. பாறையை ஆழத்தில் வெட்டி எடுக்க எடுக்க, மேலேயிருந்து அழுத்தும் பாரத்தைத் தாங்க மாட்டாமல் எஞ்சிய பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். இதற்குத் தங்கவயலில் ஏர் பிளாஸ்ட் என்று பெயர்.

“ஏர் பிளாஸ்ட் வந்தா நமக்குக் கீழ தெரியறதுக்கு முன்னாடி மேல வீட்ல தெரிஞ்சுடும் சார். பாத்திரமெல்லாம் கடகடன்னு ஆடும். பொம்பளைங்க போட்டது போட்டபடி ஷாப்டுக்கு ஓடுவாங்க. என் வீட்டுக்காரி மூணு தடவை ஓடியிருக்கா. ஒருதடவை அடுப்புல சோத்தை வெச்சுட்டு ஓடி, திரும்பி வந்தா பானையே தீஞ்சு கெடந்தது.”

“உங்களுக்கு அடிபட்டதா ஐயா?”

“எனக்கு இல்ல. பக்கத்து வீட்ல போனது மூணாவது தடவை.”

1924 மார்ச் 8 அன்று யூட்டாவில் காஸில் கேட் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 172 பேர் மாண்டபோது, அவர்களுள் ஏறத்தாழ ஐம்பது பேர் கிரேக்கர்கள். அவ்வூர்ப் பெண்கள் சுரங்க வாயிலில் நாட்கணக்காக நின்று ஒப்பாரி வைத்ததை அங்கேயுள்ளவர்கள் நூல்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்து ஒப்பாரி பதிவாகவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்நிய ஊரில் தற்காலிகமாகத் தங்குகிறவன் எப்போது குடியேறியவனாகிறான் என்ற கேள்விக்கு, கிரேக்கர்களின் சரித்திரம் காட்டும் விடையும் தங்கவயல் காட்டும் விடையும் ஒன்றாகவே இருக்கின்றன. கிரேக்கர்கள் யூட்டாவுக்கு வந்ததும் முதலில் உண்டாக்கியது காப்பிக்கடை. அங்கே தாய்மொழிப் பத்திரிகையை ஒருவன் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். பிறகு 1905-இல் ஸால்ட் லேக் நகரத்தில் தங்களுக்கென்று ஒரு கோவில் கட்டினார்கள். தங்கவயல் தமிழர்களும் தங்கள் ஆபீஸர்களின் கிளப்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அயோத்திதாச பண்டிதர் 1898-இல் சென்னை இராயப்பேட்டையில் தோற்றுவித்த சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் ஒரு கிளை எழுந்தது. சாதியை மறுத்த பூர்வ பௌத்தர்களே தங்கள் மூதாதையர் என்று பண்டிதர் எழுதியதைச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் சொத்துப் பத்திரத்தைப் போல ஏற்றுக்கொண்டார்கள். 1907-இல் அவர் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று தொடங்கிப் பிறகு ‘தமிழன்’ என்று பெயர் மாற்றிய வாரப் பத்திரிகைக்குத் தங்கவயலில் வாசகர்களும் பொருளுதவி செய்தவர்களும் மிகுதி. 1914-இல் பண்டிதர் காலமானார். அவருடைய நூல்களை மறுபடி மறுபடி பதிப்பித்து அழியாமல் காத்தது சென்னையின் பண்டிதர் உலகம் அன்று. சாம்பியன் ரீப்பில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலை. 1926-இல் பண்டிதர் ஜி. அப்பாதுரையார் ‘தமிழன்’ பத்திரிகைக்கு மீண்டும் உயிர் கொடுத்ததும் இத்தங்கவயலிலிருந்துதான்.

இதை நான் சற்று நின்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நவீனத் தமிழ்ச் சிந்தனையின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் சென்னை, மதுரை, ஈரோடு, யாழ்ப்பாணம் என்று ஊர்களை எண்ணுவார்கள். தங்கவயலை எண்ணுவது சமீப காலம் வரை வழக்கமில்லை. பகலெல்லாம் பூமிக்குள் கல் உடைத்துவிட்டு மாலையில் குளித்து வெள்ளை வேஷ்டி உடுத்து விகாரையில் கூடி, தம்ம விளக்கமும் திருக்குறள் விளக்கமும் கேட்ட ஒரு ஜனசமூகம், தமிழகத்து எல்லைக்கு வெளியே, கம்பெனிக்குச் சொந்தமான நிலத்தில் இருந்தது. அவர்கள் அச்சுக்கூடம் வைத்தார்கள். என் அபிப்பிராயத்தில், 800 டன்னுக்கு மேல் வெட்டி எடுக்கப்பட்ட அத்தனை தங்கத்தையும்விட இங்கே அச்சான அந்த மெல்லிய புத்தகங்களுக்கு மதிப்பு அதிகம். வெளியே போன தங்கம் இன்று எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. புத்தகங்களை மட்டும் இப்போதும் ஆராய்ச்சியாளர்கள் தேடிக்கொண்டு வருகிறார்கள்.

மின்சாரத்தின் கதையும் உண்டு. காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் உண்டாக்கிய மின்சக்தியை ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியாக 1902-இல் தங்கவயலுக்குக் கொண்டுவந்தார்கள். பெங்களூர் நகரத்துக்கு அது 1905-இல்தான் எட்டியது. இதையும் இங்குள்ளவர்கள் பெருமையாகச் சொல்லுகிறார்கள். ஆனால் அந்த மின்சாரம் சுரங்க யந்திரத்துக்கும் பங்களாவுக்கும் வந்ததே ஒழிய, லைன் குடிசைகளுக்குள் நுழைய வெகுகாலம் பிடித்தது.

கம்பெனிக்கு எப்போதும் ஒரே கவலை, தங்கக் கல் திருட்டு. அதற்காக மைசூர் அரசாங்கம் தனிச்சட்டமே இயற்றியது. உரிய விளக்கமின்றித் தாதுக் கல் ஒன்று கையில் இருந்தாலே குற்றம். 1930-இல் தொழிலாளர் ஒவ்வொருவரையும் பதிவு செய்து கைரேகை எடுப்பதென்று கம்பெனி முடிவு செய்தது. குற்றவாளியிடம் எடுப்பதை எங்களிடம் எடுப்பதா என்று ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். அக்காலத்தில் இங்கே சங்கம் இல்லை, தலைவர் என்று சொல்லத்தக்கவர் இல்லை. ஆயினும் சுரங்கங்கள் வாரக்கணக்கில் ஓய்ந்தன. கே.எஸ். வாசன், வி.எம். கோவிந்தன் முதலிய பொதுவுடைமைக் கட்சியினர் வந்து தொழிற்சங்கங்களைக் கட்டியது அதற்குப் பின்னர்தான். கொலராடோவின் லட்லோ என்னுமிடத்தில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளரின் கூடாரங்களுக்கு 1914 ஏப்ரல் 20 அன்று படையினர் தீ வைத்த நாளில் சுடப்பட்டு இறந்த லூயிஸ் டிக்காஸ், கிரீட் தீவில் பிறந்த காப்பிக்கடைக்காரர். அவருக்குக் கொலராடோவில் சிலை இருக்கிறது.

1956 இரண்டு விதத்தில் தங்கவயலின் தலையெழுத்தை மாற்றிய வருஷம். அவ்வருஷம் மைசூர் அரசாங்கம் சுரங்கங்களை டெய்லர் கம்பெனியிடமிருந்து எடுத்துக்கொண்டது. அதே வருஷத்தில் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிக்கப்பட, தமிழ் பேசும் தங்கவயல் கன்னட மாநிலத்துக்குள் நின்றது. ஓர் அடிகூட நகராமல் இந்த ஜனங்கள் அயல்மொழியார் ஆனார்கள். கிரேக்கன் கடலைத் தாண்டினான்; இங்கேயோ, எல்லையும் நகரவில்லை, அதன் பொருள்தான் மாறியது. அதன் பலாபலன்கள் பல. கர்நாடகச் சட்டசபைக்கு அ.தி.மு.க. வேட்பாளரைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய விநோதமும் இத்தொகுதியில் நிகழ்ந்திருக்கிறது. இப்போது லைன் வீடுகளில் பிள்ளைகள் கன்னடம் படிக்கிறார்கள், நன்றாகப் பேசுகிறார்கள். சண்டை வந்தால் மட்டும் தமிழ்.

1962-இல் மத்திய அரசு சுரங்கங்களை ஏற்றது. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற ஸ்தாபனம் உண்டாயிற்று. ஆழம் கூடக் கூடச் செலவு கூடியது, கல்லில் பொன் குறைந்தது. இடையில் 1965-இல் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானியரும் ஆங்கிலேயரும் சேர்ந்து, இந்த ஆழத்தில் கருவிகளை வைத்து, நியூட்ரினோ என்னும் அணுத்துகளின் தடயத்தைக் கண்டுபிடித்தனர். தொழிலாளர்கள் அவர்களை மரியாதையோடு இறக்கிவிட்டு ஏற்றிவிட்டார்களாம். “தங்கம் தேடலியாம், கண்ணுக்கே தெரியாதது எதையோ தேடுறாங்களாம்னு சொல்லிக்குவோம்,” என்றார் பெரியவர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன.

ஐரோப்பியர் கல்லறைத் தோட்டத்தில் முள்ளும் புதரும் மண்டியிருக்கின்றன. ட்ரெ, போல், பென் என்று தொடங்கும் கார்ன்வால் குலப்பெயர்கள் கருங்கல்லில் இன்னும் தெளிவாக வாசிக்கக் கிடைக்கின்றன. குழந்தைகளின் கல்லறைகள் அதிகம். இப்படிக் கல்லறையை மட்டும் விட்டுச் சென்ற குடியேறிகளை நான் கல்கத்தாவிலும் பார்த்ததுண்டு. அங்கே பதினெட்டாம் நூற்றாண்டு முதல் கிரேக்க வணிகர்கள் இருந்தார்கள்; கியோஸ் தீவைச் சேர்ந்த ராலி சகோதரர்கள் 1851-இல் கடை திறந்து, சணலும் பருத்தியும் வாங்கி விற்று, இந்தியா முழுவதும் பெயர் பெற்றார்கள். 1920-களில் காளிகாட்டுப் பக்கம் கட்டிய கிரேக்கக் கோவில் இன்னும் நிற்கிறது. கட்டிய சமூகம்தான் இல்லை. வணிகனுக்கும் கேப்டனுக்கும் திரும்பும் கப்பலுக்குக் கையில் பணம் இருந்தது. அந்த வணிகர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல 1786-இல் கல்கத்தாவுக்கு வந்த டிமிட்ரியோஸ் கலானோஸ் என்ற ஏதென்ஸ் நகரத்துப் பண்டிதர் மட்டும் வேறு ஜாதி. அவர் காசிக்குப் போய்ச் சமஸ்கிருதம் கற்று, பகவத் கீதையைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்து, 1833-இல் அங்கேயே தேகவியோகமானார்.

தங்கவயல் ஆங்கிலோ-இந்தியர்கள் சுதந்திரத்துக்குப் பிறகு ஒருவர் பின் ஒருவராக ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டனர்; பெர்த்திலும் மெல்போர்னிலும் அவர்கள் இன்று திரளாக இருக்கிறார்கள். மெல்போர்ன், கிரேக்க நாட்டுக்கு வெளியே கிரேக்கர்கள் மிகுதியாக வாழும் நகரங்களில் ஒன்று. 1952-இல் இரண்டு அரசாங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி கிரேக்கக் குடும்பங்கள் அங்கே கப்பல் கப்பலாகச் சென்று இறங்கின. ஊரிகாமில் பிறந்தவரும் கிரீட் தீவில் பிறந்தவரும் அங்கே ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களாக ஆகியிருக்கக் கூடும்.

திரும்பும் வழியில் சயனைடு மேடுகளைப் பார்த்தேன். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் ஊற வைத்துப் பொன்னைப் பிரித்த பிறகு எஞ்சிய மண்ணைக் கம்பெனிக்காரர்கள் நூறு வருஷமாகக் கொட்டிக் குவித்திருக்கிறார்கள். மூன்று கோடி டன்னுக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். மழை அதன் சரிவுகளில் ஆழமான கால்களை அறுத்திருக்கிறது. சினிமாக்காரர்களுக்கு இது நல்ல காட்சியிடம். காற்று அடிக்கும் மாதங்களில் இதன் தூசி லைன் வீடுகளின் சோற்றுத் தட்டில் இறங்குகிறது. மேடுகளில் மிச்சமிருக்கும் பொன்னை எடுக்கலாமா என்று அரசாங்கத்தார் அவ்வப்போது யோசிக்கிறார்கள். குடியிருக்கும் வீட்டுக்குப் பட்டா எப்போது என்று ஜனங்களும் யோசிக்கிறார்கள்; லைன் நிலம் இன்னும் கம்பெனிப் பெயரில்தான் இருக்கிறது. ஆற்காட்டுக் கிராமத்தில் அவர்களுக்கு நிலமே இல்லை என்பதால் திரும்பிப் போவது என்ற பேச்சு இங்கே எழுவதில்லை.

மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் பெங்களூருக்குப் புறப்படும் வண்டிகளில் ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போகிறார்கள். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் போய், செக்யூரிட்டியாகவும் கடைச் சிப்பந்தியாகவும் கம்ப்யூட்டர் ஆபீஸ் குமாஸ்தாவாகவும் வேலை பார்த்துவிட்டு, இரவில் திரும்புகிறார்கள். தினமும் இப்படி அல்லாட முடியாதவர்கள் அங்கேயே வீடு பார்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பெரியவரின் மகன் கிருஷ்ணராஜபுரத்தில் குடும்பத்தோடு இருப்பதாகச் சொன்னார். வசதியாக இருக்கிறார்களா என்று விசாரித்தேன்.

“என்ன வசதி சார்? வரிசையா பத்து வீடு, ஒரு ரூமு, ஒரு கிச்சன். அங்கேயும் லைன்தான். இங்க கம்பெனி சும்மா கொடுத்தது, அங்க மாசம் ஒம்பதாயிரம் வாடகை. ஓனர் நம்ம ஆம்பூர்க்காரராம்.”